இலை நரம்பில் மின்விசை கண்டவர்

நரம்பு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. சங்கச் சான்றோர் அதனை வழங்கிய இடங்கள் பலவற்றில் அது யாழின் நரம்பையே குறித்து நிற்கும். தோலின்மேற் புடைத்துத் தோன்றுவனவற்றையும் நம் முன்னோர் நரம்பு என்றனர். இன்றும் வைத்தியசாலையில் தாதி ஊசி ஏற்றுதற்கு வந்தால், நரம்பு அகப்படவில்லை என்றே நம்மவர் சொல்வர். அது குருதி செல்லும் நாளமேயன்றி உணர்ச்சி செல்லும் நரம்பு அன்று. இலையின்மேற் கிளைத்தோடும் வரைகளுக்கும் நரம்பு என்றே பெயர். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி ஆற்றிய சமுவேல் கிறீன் துரை மேனாட்டு உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கப் புகுந்தபோது, இத்தகைய சொற்களுக்கு எல்லை வகுக்கும் வேலை நமக்கு வந்து சேர்ந்தது. அவ்வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் வங்கநாட்டுப் பேரறிஞர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கையைப் படிக்கும்போது, இலை நரம்பையும் உடல் நரம்பையும் ஒரே சொல்லால் வழங்கிய தமிழ் மக்களை நொந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இவரைப்பற்றி எழுத எண்ணியதற்குக் காரணம் ஒன்று உண்டு. அறுந்த நரம்பை மின்விசையாற் தூண்டி விரைவில் தழைக்கச் செய்யலாம் என்னும் செய்தி அண்மைக் காலத்தில் மேனாட்டு வைத்தியரிடையே பெரிதும் ஆராயப்படுகின்றது. அச்செய்தி நம் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம், இதனை முதலிற் கண்டவர் போஸ் என்று ஒரு சாரார் உரிமை கொண்டாடுகின்றனர். வெள்ளவத்தையில் இலக்கிய நண்பர்கள் கூடும் மாலைகளில், போஸுக்கும் முன்னரே தொல்காப்பியர் அதனைக் கண்டுவிட்டார் என்று மற்றொரு சாரார் அதற்கு மேல் ஒரு படி ஏறிநிற்பர். மரபியலிலே புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுத்து, அவ்வறிவு உற்றறிவு எனக் கொண்டமை தொல்காப்பியரின் நுண்ணோக்குக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வகைப்பாடு. போஸ் செய்தது பரிசோதனை. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது இருவருக்கும் பெருமை தாராது. அவர் செய்தது எது, செய்யாதது எது என்று பிரித்துக் காண்பதே அவருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை என்பது என் துணிபு.

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கிழக்கு வங்கத்திலே பிறந்தார். முன்னோர் ஊர் விக்கிரமபுரிப் பகுதியைச் சேர்ந்த இராரிகால். இவை இன்று வங்காளதேசத்தில் உள்ளன. தந்தையார் பகவான் சந்திரர் பிரம சமாசத்தைச் சேர்ந்தவர்; பரீத்பூர் முதலிய இடங்களில் உதவி நீதவானாக இருந்தவர். ஆங்கிலப் பள்ளியிற் பிள்ளையைச் சேர்ப்பது பெருமை என்று உத்தியோகத்தர் யாவரும் எண்ணிய அக்காலத்திலே, அவர் தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே ஜகதீசருக்கு ஒருபுறம் வீட்டுச் சேவகரான முஸ்லிம் ஒருவரின் மகன். மறுபுறம் மீனவர் ஒருவரின் மகன். அவர்கள் சொன்ன பறவை விலங்கு நீர்வாழ் உயிர்க் கதைகளே இயற்கையில் தமக்கு ஆர்வம் ஊட்டின என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர்கள் மூவரும் பசியோடு வீடு வந்தால் தாயார் வாமசுந்தரி, வேற்றுமை பாராது ஒரே இடத்தில் இருத்தி உணவிடுவாராம். பிள்ளையைப் பள்ளிக்குத் தோளில் தூக்கிச் சென்றவனோ, முன்னொரு காலத்துக் கொள்ளைக்காரன்! பகவான் சந்திரர் தாமே தண்டித்துச் சிறைக்கு அனுப்பியவன் விடுதலையாகி வந்து பிழைக்க வழியில்லை என்றபோது, தம் மகனைக் காக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார். தாய்மொழிக் கல்வியைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம் இக்குடும்பத்தை அடிக்கடி நினைப்பது நன்று.

பின்னர்க் கல்கத்தாவில் ஹெயர் பள்ளியிலும் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியிலே பௌதிகம் கற்பித்த லபோன் அடிகளார், கருவிகளைக் கொண்டு செய்து காட்டிக் கற்பிப்பதில் வல்லவர். பிற்காலத்தில் போஸின் சொற்பொழிவுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே ஒரு செய்கைக்காட்சி நின்றமைக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

1880ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது பௌதிகம் கற்பதற்கன்று, வைத்தியம் கற்பதற்கு. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். புறப்படுமுன் அஸ்ஸாமில் அவரைப் பற்றிய காய்ச்சல் இலண்டனிலும் விடவில்லை. பிரேதங்களை அறுத்துக் கற்கும் அறையின் நாற்றத்தால் நோய் முற்றியது. ஓராண்டளவில் வைத்தியக் கல்வியைக் கைவிடவேண்டி வந்தது. கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் கற்று, 1884இல் அங்கும் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றார். ரேலி பிரபு பௌதிக ஆசிரியர். சிட்னி வைன்ஸ் தாவரவியல் ஆசிரியர். வைன்ஸின் பெயரை வாசகர் மனத்திற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

வைத்தியராக வேண்டியவர் பௌதிக ஆசிரியராக 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது அந்நாள் விதி. பதில் நியமனம் என்னும் பெயரால் அதிலும் பாதி குறைக்கப்பட்டது. ஆக, ஒரே வேலைக்கு மூன்றிலொரு பங்கு கூலி. போஸ் வாதாடவில்லை, விண்ணப்பம் எழுதிக் குவிக்கவுமில்லை. வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு சம்பளத்தைத் தொடாமல் விட்டார். ஒருநாள் இருநாள் அன்று, மூன்று ஆண்டுகள். அதுவும் தந்தையார் தொழில் முயற்சிகளில் இழப்புற்றுக் கடனில் ஆழ்ந்திருந்த காலத்தில்! 1887இல் அவர் மணந்த அபலா அம்மையாரும் இவ்வறுமையை மனமொப்பிப் பகிர்ந்துகொண்டார். அவ்வம்மையார் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர் என்பதை இங்கே கூறாமல் விட இயலவில்லை. வங்கத்திலே பெண்களுக்கு வைத்தியக் கல்லூரி வாயில் திறவாதிருந்த நாளில், 1882இல் சென்னைக்கு வந்து வைத்தியம் கற்றவர் அவர். உடல்நலம் குன்றியதால் இடையிலே நிறுத்தவேண்டியவரானார். கணவன் மனைவி இருவருமே நோயினால் வைத்தியக் கல்வியை இழந்தவர்கள். மூன்றாண்டு முடிவில் அரசாங்கம் இணங்கி, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது. போஸ் அதனைக் கொண்டு தந்தையார் கடனைத் தீர்த்தார்.

1894 முதல் அவர் மின்காந்த அலைகளை ஆராய்ந்த வரலாறு பாடநூல்களில் வந்துவிட்டதால் நான் விரிக்கப் போவதில்லை. ஐந்து மில்லிமீற்றர் அளவான குற்றலைகளை உண்டாக்கியமை, 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அலைகளைச் சுவரூடு செலுத்தித் தொலைவிலே மணி ஒலிக்கச் செய்தமை, 1897இல் இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனிற் சொற்பொழிவாற்றியமை ஆகியவற்றைச் சுட்டுவதே போதும். இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருந்த 1896இலேயே அவர் வங்கமொழியில் ஒரு வேடிக்கைக் கதையும் எழுதினார். கூந்தல் தைல வணிகர் ஒருவர் நடத்திய போட்டிக்கு எழுதியது அது. நோயுற்ற ஒருவன் கடற்காற்று நாடிக் கப்பலேறுகிறான். நடுக்கடலிற் சூறாவளி வர, தைலக் குப்பியை அலைமேற் கவிழ்த்துக் கடலை அடக்குகிறான். அவன் கப்பலேறிச் செல்லும் நாடு எது என்று கேட்டால், நம் இலங்கைதான்!

அலைகளை உணரும் கருவியிலிருந்து அவர் நரம்புக்கு வந்த வழி விந்தையானது. அக்கருவியிலுள்ள உலோகத்தூள் நெடுநேரம் வேலை செய்தால் உணர்வு மழுங்குவதையும், சிறிது ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் 1899 அளவில் அவர் கண்டார். களைப்பு என்பது தசைக்கும் நரம்புக்கும் உரியது என்றல்லவோ உடலியலார் கூறிவந்தனர்? உலோகத்துக்கும் களைப்பு உண்டாயின், இரண்டுக்கும் இடையில் நிற்கும் தாவரத்தில் என்ன நிகழும்? இவ்வினா அவரை விடவில்லை. வாழைத்தண்டு முதலிய எளிய பொருள்களைக்கூட எடுத்துத் தட்டியும் திருகியும் சூடேற்றியும் பார்த்தார். ஒவ்வொரு தூண்டலுக்கும் ஒரு சிறு மின்மாற்றம் எழுந்தது. மயக்க மருந்து கொடுத்தால் அம்மாற்றம் தணிந்தது, நஞ்சூட்டினால் ஒழிந்தது. தவளைத் தசையில் உடலியலார் கண்ட வரைகோடும் செடியில் இவர் கண்ட வரைகோடும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. 1901 மே மாதத்தில் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் இதனைச் செய்து காட்டியபோது சபையோர் வியந்தனர்.

அடுத்த மாதம் அரச விஞ்ஞானக் கழகத்திலே நிலைமை வேறாயிற்று. முதுபெரும் உடலியலார் பேடன் சாண்டர்சன், பௌதிகர் தமது துறையை விட்டு உடலியலுள் நுழைதல் தகாது என்னும் பாங்கிற் பேசினார். அவரோடு சேர்ந்து எதிர்த்தவர் அகஸ்டஸ் வாலர். கழகம் அக்கட்டுரையை அச்சிடாது வைத்துவிட்டது. அதற்கிடையில் தாவர மின்விசையிலே தாமே முன்னோடி என்று வாலர் உரிமை கோரவும் தலைப்பட்டார். முன் நான் குறித்த வைன்ஸ் அப்போதுதான் துணைக்கு வந்தார். பழைய மாணாக்கனுக்காக அவர் முயல, 1902இல் லின்னேயக் கழகம் போஸின் கட்டுரையை ஏற்று வெளியிட்டது. அவ்வாண்டிலேயே உயிருள்ளனவும் உயிரில்லனவும் தூண்டலுக்கு எதிர்விளைவு காட்டுமாற்றை விளக்கிய அவர் நூலும் வெளிவந்தது.

வாலர் என்னும் பெயர் நரம்பின் வரலாற்றில் இருமுறை வருவது. போஸை எதிர்த்தவர் மகன். மனித இதயத்தின் மின்வரையை 1887இல் முதன்முதல் எடுத்த புகழுடையவர். அவரைச் சிறியர் எனக் கருதுதல் தவறு. தந்தையார் அகஸ்டஸ் வால்னி வாலரோ, 1850இல் தவளையின் நாவுக்குச் செல்லும் நரம்பை அறுத்துப் பார்த்து, உயிரணுவின் தொடர்பை இழந்த புறத்துண்டு சிதைந்து அழிவதைக் கண்டவர். இன்றும் வைத்திய மாணாக்கர் அச்சிதைவை அவர் பெயராலேயே படிக்கின்றனர். அறுந்த நரம்பு எவ்வாறு மீள்கின்றது என்னும் வினாவுக்கு அடிக்கல் நாட்டியவர் தந்தை. தாவரத்தில் நரம்பியல்பு கண்டவரை வழிமறித்தவர் மகன்!

நரம்பையும் மின்விசையையும் இணைத்த பெருமை போஸுக்கு முன்னரே வேறு பலருக்கு உரியது. இத்தாலியில் பொலோஞா நகரத்துக் கல்வானி, தவளைக் கால் மின்பொறியாற் துடிப்பதைக் கண்டு 1791இல் நூல் வெளியிட்டார். பிரான்சிலே கடலோடிக் குடும்பத்திற் பிறந்த துஷேன், ஈரப் பஞ்சு சுற்றிய மின்முனைகளைத் தோலின்மேல் வைத்துத் தனித்தனித் தசையை இயக்கி, 1855இல் மின் சிகிச்சை பற்றிய பெருநூலை எழுதினார். வாதத்தால் வாடிய உறுப்புகளுக்கு மின்னோட்டம் கொடுக்கும் வழக்கம் அவரால் உலகெங்கும் பரவியது. ஆகவே சிகிச்சையை முதலிற் கண்டவர் போஸ் என்னும் கூற்று நில்லாது.

அவர் கண்டது வேறு. ஒருவகையில் அது நுட்பமானது.

தொட்டாற்சுருங்கியை நாம் எல்லோரும் அறிவோம். கொழும்பிலே புல்வெளியுள்ள பள்ளிகளில் அதனைத் தொட்டுப் பாராத மாணாக்கர் இரார். சிங்கள மக்கள் நிதிகும்பா என்பர். உறங்கும் செடி என்னும் குறிப்புடைய பெயர். ஓர் இலையைத் தொட்டால் அவ்விலை சுருங்குவதோடு நில்லாமல் அண்டை இலைகளும் வரிசையாய்ச் சுருங்குகின்றன. அச்செய்தி எவ்வழியாற் செல்கின்றது? தண்டிலுள்ள நீரின் அமுக்கம் மாறுவதாற் செல்கின்றது என்று ஜெர்மானிய அறிஞர் கொண்டனர். குழாயில் நீர் தள்ளுண்பது போன்றது அது, உயிர்ச்செயல் அன்று. போஸ் இதனை மறுக்க ஒரு கருவி செய்தார். இலை அசைவைப் புகையேற்றிய கண்ணாடித் தகட்டின்மேல் எழுதும் அக்கருவியின் எழுதுமுனை தகட்டில் உராய்ந்து செல்லாது அதிர்ந்து அதிர்ந்து புள்ளியிட்டது. அதனால் உராய்வுத் தடை நீங்கியது. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு கூறு வரை காலத்தையும் அளக்க முடிந்தது. இத்தகைய கருவிகளைக் கல்கத்தாக் கம்மியர்களே அவர் மேற்பார்வையிற் செய்தனர் என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

அக்கருவி காட்டியவை இவை. செய்தி செல்லும் தண்டைக் குளிர்வித்தால் வேகம் குறைந்தது. மயக்க மருந்தைப் பூசினால் செய்தி அவ்விடத்திலே நின்றது; மருந்து நீங்கியதும் மீண்டும் சென்றது. நஞ்சு பூசினால் அடியோடு ஒழிந்தது. வெறும் நீரழுத்தம் மயக்க மருந்துக்கு அஞ்சுமோ? செடியைச் சிறிதும் அசைக்காத மெல்லிய மின்னோட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்கூடச் செய்தி பிறந்தது. நமது சித்த வைத்தியர் அறிந்த தொழுகண்ணிச் செடியின் தானாக அசையும் சிற்றிலைகளையும் அவர் இவ்வாறே ஆராய்ந்து, அவற்றின் துடிப்பை இதயத் துடிப்போடு ஒப்பிட்டார். 1914இல் இச்செடிகளைத் தொட்டியோடு கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று, ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ், இலண்டன், வியன்னா, பாரிஸ் ஆகிய நகரங்களில் அறிஞர் கண்முன்னே செய்து காட்டினார்.

இனி நம் பொருளுக்கு மிக நெருங்கியது ஒன்று உண்டு. வளமான செடியையும் தளர்ந்த செடியையும் அவர் ஒப்பிட்டார். வளமான செடியிலே மிகுதியான தூண்டல் செய்தி கடத்தும் ஆற்றலைக் குறைத்தது. தளர்ந்த செடியிலோ அதே தூண்டல் அவ்வாற்றலை வளர்த்தது. கண்ணாடிக் கூண்டினுள் காற்றும் அதிர்ச்சியும் படாமல் வளர்த்த தொட்டாற்சுருங்கி பார்வைக்குக் கொழுத்துத் தளதளவென்று இருந்தது. தொட்டாலோ செய்தி கடத்தும் ஆற்றல் அதனிடம் இல்லை. அதற்கு மேலும் மேலும் தூண்டல் கொடுத்தபோது, பயன்படாது அடைந்து கிடந்த வழி படிப்படியாகத் திறந்தது. பயிற்சியின்மையால் மங்கியதைத் தூண்டலே மீட்டது. மனிதர்க்கும் இது பொருந்தும் என்று தம் சொற்பொழிவுகளில் அவர் விரித்துரைத்தார்; அவ்விரிவுரையில் விஞ்ஞானத்திலும் அறவுரை சற்று மிகுதி என்பேன். 1915இல் அரச விஞ்ஞானக் கழக வெளியீட்டில் வந்த கட்டுரை இன்னும் ஒருபடி சென்றது. தொடர்ந்தோடும் மின்னோட்டத்தை ஒரு திசையிற் செலுத்தினாற் செய்தி எளிதாகச் செல்லும். எதிர்த்திசையிற் செலுத்தினால் தடைப்படும். செடியில் மட்டுமன்றித் தவளை நரம்பிலும் இவ்வாறே நிகழக் கண்டார். நரம்பின் செய்தியை மின்விசையால் நம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் கூடும் என்னும் எண்ணம் இதனால் உறுதிபெற்றது.

அறுந்த நரம்பை அவர் தைத்து வளர்த்தாரில்லை. அதனைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நரம்பு சோம்பிக் கிடக்கலாம், தூண்டலால் விழிக்கலாம் என்றே காட்டினார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் மட்டும் நிற்பதன்று. கொட்டாஞ்சேனையிலே கடை வைத்திருந்த என் அத்தான் ஒருவருக்குக் கண்ணாடி வெட்டி முன்கை நரம்பு ஒன்று அறுந்தது. சத்திரசிகிச்சையால் நரம்பைத் தைத்தார்கள். அதன்பின் மாதக்கணக்காக வைத்தியசாலைக்குச் சென்று கையிலே கறண்ட் பிடித்து வந்தார். சிறுவிரல் துடிப்பதைக் கண்டு, நரம்பு வளர்கிறது என்று அவர் மகிழ்ந்தார். சிகிச்சை செய்த பெண்பிள்ளை உண்மையைப் பொறுமையோடு விளக்கினாராம்: துடிப்பது தசை, நரம்பு வந்து சேரும்வரை தசை வாடாமல் இருப்பதற்காகவே இது, நரம்போ நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மெல்ல மெல்ல ஊர்ந்துதான் வரும். அத்தான் முழங்கைக்கும் விரல்நுனிக்கும் இடையேயுள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளந்து, நாட்களைக் கணக்கிட்டு, நாட்காட்டியில் அடையாளமிட்டு வைத்திருந்தார். அவருக்குக் கிடைத்தது துஷேன் காட்டிய வழி. நரம்பற்ற தசையை அவ்வாறு இயக்குவதாற் பயன் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை.

புதிய வழி வேறு. அதிலே மின்னோட்டம் தசைக்குக் கொடுக்கப்படுவதில்லை. அறுந்து தைக்கப்பட்ட நரம்பின் வேர்ப்பக்கத் துண்டுக்கே கொடுக்கப்படுகின்றது. கனடாவில் டெஸ்ஸா கோர்டன் அம்மையாரும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, எலியின் தொடை நரம்பை அறுத்துத் தைத்து, செக்கனுக்கு 20 துடிப்பு வீதம் மின் தூண்டல் கொடுத்தனர். தூண்டாத எலிகளில் இயக்க நரம்புகள் யாவும் 25 மில்லிமீற்றர் வளர 8 முதல் 10 கிழமை சென்றது. தூண்டியவற்றில் 3 கிழமை போதியதாயிற்று. இரண்டு கிழமை ஓயாது தூண்டினாலும் ஒரே ஒரு மணி நேரம் தூண்டினாலும் பயன் ஒன்றாகவே இருந்தது என்பது அதனினும் வியப்பு. நரம்பு ஊரும் வேகம் இதனாற் கூடுவதில்லை. தைத்த இடத்தில் நரம்பிழைகள் வழிதெரியாது தயங்கி நிற்கும் காலமே குறைகின்றது. தூண்டல் முதுகுத்தண்டிலுள்ள உயிரணுவை எட்டினால்தான் இப்பயன் விளையும். நடுவே நஞ்சிட்டுச் செய்தியைத் தடுத்தபோது பயன் அற்றுப்போயிற்று. செய்தியை எட்டிய உயிரணு வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களை மிகுதியாக ஆக்கத் தொடங்குகின்றது. 2010இல் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டவர்களிடத்தும், 2015இல் விரல் நரம்பு அறுந்தவர்களிடத்தும், சத்திரசிகிச்சையின்பின் ஒரு மணி நேரத் தூண்டல் நற்பயன் தந்ததாக ஆய்வுகள் வெளிவந்தன.

மயக்க மருந்தையும் நஞ்சையும் இடையிலே பூசி, செய்தி எவ்வழியாற் செல்கிறது என்று போஸ் தொட்டாற்சுருங்கியில் ஆராய்ந்த முறையும், எலியின் நரம்பில் நஞ்சிட்டு இவர்கள் ஆராய்ந்த முறையும் ஒரே தருக்க நெறியைச் சார்ந்தவை. இவர்கள் போஸைப் படித்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. நரம்பு வெறும் கம்பி அன்று, தூண்டலால் அதன் நிலையே மாறக்கூடியது என்னும் கருத்தை அவர் தம் வழியிற் கண்டவர் என்பது மட்டும் உரிமையோடு சொல்லத்தக்கது.

போஸின் குறைகளையும் மறைத்தல் கூடாது. தாவரத்துக்கு விலங்கினைப் போன்ற நரம்பு மண்டலமே உண்டு என்று அவர் வரவர வலியுறுத்தலானார். 1926இல் தாவர நரம்பியல் பற்றி எழுதிய நூல் அதன் முடிநிலை. செடியில் நரம்பணுக்கள் இல்லை என்பது இன்று தெளிவு. 1916இல் இத்தாலிய அறிஞர் ரிக்கா, செடியின் நீர்க்குழாய் வழியே ஒரு பொருள் கரைந்து சென்றும் தொட்டாற்சுருங்கியைச் சுருங்கச் செய்யும் என்று காட்டினார். போஸ் அதற்கு உரிய இடம் தரவில்லை. ஆயினும் மின்செய்தி உண்மை. அது உணவு கடத்தும் மெல்லிய இழைத்தொகுதி வழியாகச் செல்கிறது என்று அவர் நுண்ணிய மின்னூசியால் துருவிக் கண்டதும் பெரும்பாலும் நிலைத்துவிட்டது. அவ்விழைத்தொகுதி இலையில் எங்கே ஓடுகின்றது? நாம் இலை நரம்பு என்று வழங்கும் அவ்வரைகளிலேதான்! 2022இல் யப்பானிய ஆய்வாளர் தொட்டாற்சுருங்கியின் இலைகளில் மின்செய்தியும் கல்சியத்தின் அலையும் உடன்செல்வதை ஒளிரச் செய்து படம்பிடித்து, பூச்சிகளிடமிருந்து தப்புவதற்கு அவ்வசைவு உதவுகிறது என்றும் காட்டினர்.

அவருடைய நூல்கள் உருப்பெறத் துணைநின்றவர் நிவேதிதை அம்மையார். ஐரிஷ் குலத்திற் பிறந்து விவேகானந்த அடிகளுக்கு மாணாக்கியாகிய அவ்வம்மையார், எழுத்துப்படிகளைத் திருத்தியும் ஒழுங்குசெய்தும் இடுக்கண் உற்றபோது ஊக்கியும் ஆண்டுக்கணக்காக உழைத்தார். 1911 அக்டோபரில் டார்ஜிலிங்கில் போஸ் தம்பதியரோடு தங்கியிருந்தபோதே அவர் உயிர் நீத்தார். போஸ் எடுத்த ஆராய்ச்சி நிலையத்தின் முகப்பில் விளக்கேந்திய பெண்ணுருவம் ஒன்று உண்டு. அது அவ்வம்மையார் நினைவுக்குரியது. காப்புரிமை பெற்றுப் பொருளீட்டுமாறு நண்பர் வற்புறுத்தியும் போஸ் நாட்டங் கொள்ளவில்லை. அவர்களாகவே முயன்று 1904இல் அமெரிக்காவில் பெற்றுக் கொடுத்த காப்புரிமையையும் காலாவதியாக விட்டுவிட்டார்.

1915இல் கல்லூரிப் பணியினின்றும் ஓய்வுபெற்றவர், 1917 நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்த நாளில், கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி அக்காலத்தில் உருவாயிற்று. பழைய எதிரியான வாலர் இக்கருவியின்மேலும் ஐயம் எழுப்பிப் பத்திரிகையில் எழுதினார். 1920 ஏப்பிரலில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் போஸ் அதனை இயக்கிக் காட்ட, கண்டறிந்த பேரறிஞர் பலர் கையொப்பமிட்டு, கருவி காட்டுவது உண்மையான வளர்ச்சியே என்று அறிக்கை விடுத்தனர். அவ்வாண்டிலேயே, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் கட்டுரையை அச்சேற்றாது வைத்த அரச விஞ்ஞானக் கழகத்துக்கு அவர் உறுப்பினரானார். வாலர் 1922இல் இறந்தார்.

இறுதிக் காலத்தில் நலிவுற்ற போஸ் கிரிடியில் தங்கியிருந்தார். அங்கே 1937 நவம்பர் 23ஆம் நாள் காலமானார். இன்னும் ஏழு நாள் இருந்திருப்பின் எழுபத்தொன்பது வயது நிரம்பியிருக்கும். அவர் நிறுவிய நிலையத்துக்கும் அன்று இருபது ஆண்டு நிறைவு. அபலா அம்மையார் 1919இல் தொடங்கிய பெண்கல்விச் சங்கத்தின் பணியைத் தொடர்ந்து நடத்தி 1951இல் மறைந்தார்.